முள் குத்தினால் போடும் ஊசி

(காளஹஸ்தியில் பொதுமக்கள் முன் தமிழில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நஞ்சைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்ட தலம் இது. யானையின் துதிக்கைக்குள் பாம்பு புகுந்ததும், நஞ்சேறி யானை மடிந்ததும், பாம்பும் உடன் மாண்டதும் இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் சுருட்டப்பள்ளி. ஆலகாலத்தை உண்ட ஈசன் அம்பிகையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். அந்த நஞ்சுகளுக்குக் கதை உண்டு, கோயில் உண்டு. நான் பேச வந்த நஞ்சுக்கு இரண்டும் கிடையாது. அது நம் வயல் மண்ணோடும் மாட்டுத் தொழுவத்தோடும் ஆட்டின் குடலோடும் சம்பந்தப்பட்டது. அதைச் சுரப்பவை பாக்டீரியாக்கள். அந்த நஞ்சையே எடுத்து, அதன் கொல்லும் தன்மையைப் போக்கி, நம் உடலுக்குள் செலுத்தினால், அசல் நஞ்சு வரும்போது உடல் அதை எதிர்க்கத் தயாராக இருக்கும். இப்படிப் பக்குவப்படுத்திய நஞ்சுக்கு டாக்சாய்டு என்று பெயர். முள் குத்தினாலும் தகரம் கிழித்தாலும் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிறோமே டி.டி. ஊசி, அது இந்த வகைதான்.

நான் கால்நடை மருத்துவன். அதனால் ஆட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மேட்டு நிலத்தில் முதல் மழை விழுந்ததும் இளம்புல் தலைகாட்டும். பசித்துக் கிடந்த மந்தை அதில் இறங்கி வயிறு முட்ட மேயும். மறுநாள் விடியலில் பட்டியைத் திறந்தால் குட்டிகள் செத்துக் கிடக்கும். சில குட்டிகள் கண்ணெதிரே துள்ளி விழுந்து, கழுத்து பின்னுக்கு வளைந்து, கால்களை உதைத்து அடங்கும். தமிழில் இதைத் துள்ளுமாரி என்கிறோம், தெலுங்கில் சிடுக ரோகம் என்கிறார்கள். "டாக்டரய்யா, நோஞ்சான் குட்டிக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத் தின்னு கொழுத்ததுதான் போச்சு" என்று மேய்ப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் கண்டது சரிதான். இந்த நோயைப் பற்றிய பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

காரணம் இது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் டி வகை, ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். தீனி திடீரென்று மாறி, இளம்புல்லோ தானியமோ அளவுக்கு மீறிக் குடலுக்குள் போனால் அது மளமளவென்று பெருகும். பெருகும்போது எப்சிலான் என்ற நஞ்சைச் சுரக்கும். வெளியே வரும்போது அந்த நஞ்சுக்கு வீரியமில்லை. ஆட்டின் குடலிலேயே செரிமானத்துக்காக இருக்கும் டிரிப்சின் என்ற நொதி அதில் ஒரு துண்டை நறுக்கிவிடுகிறது, வீரியம் வந்துவிடுகிறது. இரத்தத்தில் கலந்து, நாளங்களின் சுவரைக் கசியவைத்து, மூளையை வீங்கவைக்கிறது. நோய் தெரிந்து, மருத்துவரைத் தேடி, மருந்து கொடுப்பதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. முன்கூட்டித் தடுப்பூசி போடுவதுதான் ஒரே வழி. அந்தத் தடுப்பூசி, இதே எப்சிலான் நஞ்சை ஃபார்மலின் சேர்த்து அடக்கியது. மழைக்கு முன்பே போட வேண்டும். முதல் முறை போடும் ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தவணை போட வேண்டும், பிறகு ஆண்டுதோறும். சினை ஆட்டுக்கு ஈனுவதற்குச் சில வாரம் முன்னால் போட்டால், குட்டி சீம்பாலிலேயே பாதுகாப்பைக் குடித்துவிடும்.

எல்லைக்கு அப்பால் ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. 1932-இல் தொடங்கியது. அன்றைக்கு அந்த ஊரும் இந்த ஊரும் ஒரே சென்னை மாகாணம். மாநில எல்லை பிறகுதான் வந்தது. துள்ளுமாரிக்கு அன்றும் எல்லை தெரியாது, இன்றும் தெரியாது.

இனி மனிதருக்கு வருவோம். நஞ்சை அடக்கும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

தொண்டை அடைப்பான் என்று நாம் சொல்லும் டிப்தீரியா ஒரு காலத்தில் ஐரோப்பாவில் குழந்தைகளை வாரிக்கொண்டு போன நோய். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி தொண்டையைத் தாண்டி உள்ளே போவதில்லை, ஆனாலும் குழந்தையின் இதயம் நின்றுவிடுகிறது. இது எப்படி என்று பாரிஸில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சானும் தேடினார்கள். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். விலங்குகள் அதே நோய்க்குறிகளோடு மடிந்தன. 1888-இல் தெரிந்துபோயிற்று: கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு.

இரண்டே ஆண்டுகளில், 1890-இல், பெர்லினில் எமில் வான் பேரிங்கும் ஷிபாசாபுரோ கிதசாதோவும் அடுத்த படியைக் கண்டார்கள். நஞ்சைத் தாங்கிப் பிழைத்த விலங்கின் இரத்தத் தெளிநீரில் அந்த நஞ்சை முறிக்கும் ஒரு பொருள் உருவாகிறது, அதை எடுத்து வேறொரு விலங்குக்குக் கொடுத்தால் அதுவும் பிழைக்கிறது. பேரிங்குக்கு 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சைக் கொடுத்து, அவற்றின் இரத்தத்திலிருந்து மாற்று மருந்து எடுக்கும் வேலை உலகமெங்கும் பரவியது. சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்திலும் இதற்காகக் குதிரைகளை வளர்த்தார்கள். ஆனால் இது கடன் வாங்கிய பாதுகாப்பு, சில வாரங்களில் தீர்ந்துவிடும். உடலே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டுமென்றால் நஞ்சை உடலுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் ஆள் பிழைப்பாரா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை கண்டவர் காஸ்தோன் ரமோன். பாரிஸுக்கு வெளியே, பாஸ்டர் நிறுவனத்தின் குதிரை லாயங்களில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் பெருமையோடு சொல்கிறேன். திரவங்கள் கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் சேர்ப்பது அவருக்குப் பழக்கமான வேலை. டிப்தீரியா நஞ்சில் சிறிதளவு ஃபார்மலின் சேர்த்து, உடல் சூட்டில் சில வாரம் வைத்தால், நஞ்சு விலங்கைக் கொல்வதில்லை, ஆனால் எதிர்ப்பை மட்டும் குறைவின்றித் தூண்டுகிறது என்பதை 1923-இல் அறிவித்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னியும் ஃபார்மலின் பட்ட நஞ்சு சாதுவாகிப்போவதைக் கவனித்திருந்தார்.

நடப்பது இதுதான். நஞ்சு ஒரு புரதம். அதன் ஒரு பகுதி நம் செல்லைப் பற்றிக்கொள்ளும், இன்னொரு பகுதி உள்ளே போய்க் கொல்லும். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு அந்தப் புரதத்தின் பகுதிகளுக்கிடையே குறுக்கே இணைப்புகளைப் போட்டுவிடுகிறது. கைகளைக் கட்டி ஊர்நடுவே நிறுத்திய திருடன் மாதிரி அது நிற்கும். திருட முடியாது, ஆனால் முகம் மாறவில்லை. பார்த்து வைத்துக்கொண்ட ஊரார் அடுத்த முறை இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ரமோன் இன்னொன்றையும் கவனித்தார். ஊசி போட்ட இடத்தில் வீங்கிச் சீழ் வைத்த குதிரைகளுக்கு மற்றவற்றைவிட எதிர்ப்புச் சக்தி அதிகமாக வந்தது. வேண்டுமென்றே இலேசான அழற்சியை உண்டாக்கினால் என்ன என்று யோசித்து, மருந்தோடு மரவள்ளி மாவைக் கலந்து பார்த்தார். பலன் கிடைத்தது. கிளென்னி 1926-இல் படிகாரத்தை வைத்து அதையே செய்தார். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் ஊசி மருந்து வெண்மையாகக் கலங்கித் தெரிவது அதில் உள்ள அலுமினிய உப்பால்தான். இந்த அலுமினிய உப்புக்குப் பிறகு வருவேன், அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ரமோனின் பெயரை நோபல் பரிசுக்கு நூறு தடவைக்கு மேல் முன்மொழிந்தார்கள், கடைசிவரை கிடைக்கவில்லை.

எல்லா நஞ்சும் இந்த வித்தைக்குப் படிந்துவிடுவதில்லை. காலரா ஒரு நஞ்சால் கொல்கிறது என்பதை 1959-இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயல் குடலின் ஒரு பகுதியை இரு புறமும் கட்டி, அதற்குள் கிருமி நீக்கிய வடிநீரைச் செலுத்தி, அது நீர் கோத்துப் புடைப்பதைக் காட்டினார். உலகத் தரமான வேலை, வாழ்ந்த காலத்தில் இந்த நாடு அவரை உரிய முறையில் கொண்டாடவில்லை என்பது என் வருத்தம். அந்த நஞ்சையும் பக்குவப்படுத்தி 1974-இல் வங்கதேசத்து மத்லப் பகுதியில் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய பயன் இல்லை. காலரா நஞ்சு வேலை செய்வது குடலின் உட்புறத்தில். கையில் போட்ட ஊசி இரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பு அங்கே போதிய அளவு போய்ச் சேர்வதில்லை.

பக்குவம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1948-இல் ஜப்பானின் கியோட்டோவில் டிப்தீரியா டாக்சாய்டின் ஒரு தொகுதியில் நஞ்சு முழுவதும் அடங்காமல் இருந்தது. பரிசோதனையில் அது தப்பிவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இன்று ஒவ்வொரு தொகுதியையும் விலங்குகளில் வாரக்கணக்கில் சோதித்து, நச்சு மிச்சமில்லை என்று உறுதியான பிறகே வெளியே விடுகிறார்கள் என்றால், அந்தக் கடுமைக்குப் பின்னால் இத்தகைய மரணங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் முத்தடுப்பூசி தயாரித்துவந்தது. உற்பத்தி நெறிகள் போதவில்லை என்று 2008-இல் அதன் உரிமத்தை நிறுத்திவைத்து, 2010-இல் திருப்பித் தந்தார்கள். நெறியைக் கேட்டது சரி. ஆனால் பொதுத்துறை ஆலையைச் செப்பனிட்டுக்கொண்டே ஓட்டியிருக்க வேண்டும், நிறுத்தியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது ரண ஜன்னி. டெட்டனஸ். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்தாக உறங்கிக் கிடக்கும். வெயிலும் வறட்சியும் அதை ஒன்றும் செய்யாது. காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் போனால் விழித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். நஞ்சு நரம்பு வழியே தண்டுவடம் வரை ஏறும். தசையை 'போதும், தளர்ந்துகொள்' என்று அடக்கும் சமிக்ஞைகளை அங்கே அறுத்துவிடும். முதலில் தாடை இறுகும், பிறகு முதுகு வில்லாக வளையும். நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். அறுபது கிலோ எடையுள்ள மனிதரைக் கொல்ல எவ்வளவு தேவை என்ற மதிப்பீட்டைக் கேளுங்கள். ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால், அதில் ஒன்றரைப் பங்கு.

இந்த அளவு மிகச் சிறியது என்பதால் ஒரு விசித்திரம் நேர்கிறது. அம்மை வந்து பிழைத்தவருக்குப் பெரும்பாலும் அம்மை மறுபடி வராது. ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சு, உடலின் எதிர்ப்பை எழுப்பப் போதவில்லை. நோயே கற்றுத்தராத பாடத்தை ஊசி கற்றுத்தருகிறது, ஏனென்றால் சாதுவாக்கிய நஞ்சைத் தாராளமாகக் கொடுக்க முடியும். நோயிலிருந்து பிழைத்தவருக்கும் ஊசி போட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

பிறந்து ஏழெட்டு நாளான குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி, விறைத்து, இறந்துபோவது நம் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சாதாரணமாக இருந்தது. துருப்பிடித்த அரிவாளால் அறுத்த தொப்புள்கொடி, அதன்மேல் வைத்த சாம்பல் அல்லது சாணம், அதில் இருந்த கிருமி. இந்தியாவில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்நோய் வந்துகொண்டிருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்பிணித் தாய்க்கு ஊசி போட்டால் போதும், எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போய்விடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இப்படிப் போகாது, சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். மனிதத் தாய் பிரசவத்துக்கு முன்பே கொடுத்துவிடுகிறாள்.

இந்த வேலையை முதலில் முடித்துக் காட்டியது நம் ஆந்திரம்தான். எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்குக்கூட இந்நோய் இல்லை என்ற நிலையை எட்டியதாக 2003-இல் உறுதிசெய்யப்பட்ட முதல் இந்திய மாநிலம் ஆந்திரப் பிரதேசம். நாடு முழுவதும் அந்த நிலைக்கு வர 2015 ஆயிற்று. கால்நடையாக ஊர் ஊராகப் போன செவிலியர்களும், ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி அழைத்துவந்தவர்களும் செய்த வேலை அது. அவர்களில் சிலர் இந்த அவையில் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் வணக்கம்.

பாம்புக் கடிக்கும் இப்படி ஒரு தடுப்பூசி போட்டுவிடக் கூடாதா என்று கிராமத்தில் கேட்பார்கள். நல்ல கேள்வி. ரண ஜன்னிக் கிருமி சுரப்பது ஒரு முக்கிய நஞ்சு, மிகச் சிறிய அளவில், பல நாட்களில். பாம்பு ஒரே கடியில் பல நஞ்சுகளின் கலவையை, பல இலட்சம் மடங்கு அதிகமாக, ஒரு நொடியில் இறக்குகிறது. நாகத்தின் கலவை வேறு, கண்ணாடிவிரியனின் கலவை வேறு. ஜப்பானின் அமாமி தீவுகளில் ஹபு என்ற விரியனுக்கு டாக்சாய்டு தயாரித்துப் போட்டுப் பார்த்ததுண்டு. அது பொதுவழக்கமாக நிலைக்கவில்லை. ஆகவே பாம்புக்கு இன்னமும் குதிரையிலிருந்து எடுக்கும் மாற்று மருந்துதான். அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருபவர்கள் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

அடக்கிய நஞ்சு இப்போது வேறொரு வேலையும் செய்கிறது. டைபாய்டு போன்ற சில கிருமிகளுக்கு மேலே சர்க்கரைப் பொருளால் ஆன உறை உண்டு. அந்த உறையைக் கைக்குழந்தையின் உடல் எதிரியாக மதிப்பதில்லை. ஆனால் டெட்டனஸ் டாக்சாய்டோடு அந்தச் சர்க்கரையை வேதியியல் முறையில் பிணைத்துக் கொடுத்தால் உடல் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் இப்படித் தயாரித்த டைபாய்டு தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2017 டிசம்பரில் முன்தகுதி கொடுத்து ஏற்றுக்கொண்டது. 2010 முதல் ஆப்பிரிக்காவில் மூளைக்காய்ச்சலைத் தடுத்த புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டின் ஊசியும் இதே முறைதான்.

அலுமினிய உப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நம் ஊர் வெயிலுக்குத் தடுப்பூசி கெட்டுவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் இந்த ஊசி சூட்டை ஓரளவு தாங்கும், உறைதலைத் தாங்காது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து பனிக்கட்டியாக உறைந்துவிட்டால், அலுமினிய உப்பின் துகள்கள் கட்டிகட்டியாகத் திரண்டு மருந்து வீரியம் இழக்கும். உருகிய பிறகு பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். குப்பியைக் குலுக்கி வைத்துப் பார்க்கச் செவிலியர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். உறைந்த மருந்து சீக்கிரம் அடியில் படிந்து, மேலே தெளிந்துவிடும். கால்நடைத் தடுப்பூசியை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஊசி போட்டும் ஆடு செத்ததே என்று கேட்பவர்களுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

இப்போது நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். பெரியம்மையை ஒழித்தோம், ஊசியை நிறுத்திவிட்டோம். போலியோவுக்கும் அந்த நாள் வரலாம். ரண ஜன்னிக்கு ஒருநாளும் வராது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. ஊரில் எல்லாரும் போட்டுக்கொண்டதால் போடாத ஒருவர் தப்பிக்கும் வாய்ப்பே இங்கே இல்லை. டிப்தீரியாவும் போய்விடவில்லை, 2018-இல் மட்டும் இந்தியாவில் 8,000 பேருக்கு மேல் அது வந்திருக்கிறது. குழந்தைப் பருவத்தில் போட்டது வயது ஏற ஏறத் தேய்கிறது.

நம் அரசு அட்டவணையில் குழந்தைகளுக்கு இருக்கிறது, 10 வயதிலும் 16 வயதிலும் இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு இருக்கிறது. 16 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இல்லை, பிள்ளைப்பேறு முடிந்த பெண்களுக்கும் இல்லை. கடலைக்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்பவர்கள் அவர்கள்தான். சாணம் அள்ளுகிறவர்கள் அவர்கள்தான். இந்நாட்டு முதியவர்களில் பலர் தடுப்பூசித் திட்டம் வருவதற்கு முன் பிறந்தவர்கள். வாழ்நாளில் ஒரு முழுச் சுற்றுகூடப் போடாதவர்கள் அவர்களில் ஏராளம்.

காயம் பட்டதும் போட்டுக்கொள்கிறோமே என்பீர்கள். முன்பு முறையாகப் போட்டவருக்கு அது நினைவூட்டல், சில நாட்களில் உடல் எழுந்துகொள்ளும். வாழ்க்கையில் முதல் முறையாகப் போடுபவருக்கு அந்த ஊசி இந்தக் காயத்துக்கு உதவாது. உடல் கற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும், நோய் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். மண் படிந்த ஆழமான காயமென்றால் அவருக்கு டி.டி.யோடு சேர்த்துத் தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். 'முன்பு எப்போது போட்டீர்கள்' என்று மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். போட்ட நினைவு இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். ஒழுங்காகப் போட்டவர் சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் மறுபடி மறுபடி போட்டுக்கொள்ளவும் தேவையில்லை.

இதுவரை போடாத பெரியவருக்கு முறை இதுதான். ஒரு தவணை. நான்கு வாரம் கழித்து இரண்டாவது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மூன்றாவது. பிறகு பத்து ஆண்டுக்கு ஒரு முறை. 2019 முதல் பழைய டி.டி.க்குப் (TT) பதில் டிப்தீரியாவையும் சேர்த்துத் தடுக்கும் கூட்டு ஊசியை (Td) அரசு தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்குவதில்லை. போட்ட தேதியை எழுதி வாங்கி, ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அவையில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தாவிடமும் அப்பாவிடமும் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். நினைவில்லை என்று சொன்னால், அடுத்த தடுப்பூசி நாளன்று அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.